மூணாம் நம்பர் குடோன் நிறைஞ்சு போச்சுங்க

நூக்காரத்னத்திடம் திட்டு வாங்காத லாரி டிரைவர் ஒருவன் கோதாவரி ஜில்லாவில் இருக்கிறான் என்றால், அவன் இன்னும் லாரியில் ஏறவே இல்லை என்று அர்த்தம். நான் டிரைவர் இல்லை. லாரி உரிமையாளர் சங்கத்தில் புக்கிங் குமாஸ்தா. அப்படியிருந்தும் நாமக்கல்லிலிருந்து சாமர்லகோட்டாவுக்கு வந்து இறங்கிய இரண்டாம் நாளே எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது. நான் அனுப்பிய லாரியின் தார்ப்பாயில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை.

"ஏம்ப்பா அரவம், உங்க ஊர்ல மழை மேலேர்ந்து கீழ பெய்யுமா, கீழேர்ந்து மேல பெய்யுமா?" என்று கேட்டாள்.

"மேலேர்ந்துதாங்க."

"இங்கயும் அப்படித்தான் பெய்யுது. பின்ன என்ன தைரியத்துல இந்தத் துணியை அனுப்பின?"

அரவம் என்பது தமிழனுக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர். இருபத்திரண்டு வருஷத்தில் அது என்மேல் அப்பிக்கொண்டுவிட்டது. ரேஷன் கார்டில் இருக்கும் என் சொந்தப் பெயரை யாராவது கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்ப்பதில்லை. கோபமெல்லாம் முதல் வருஷத்தோடு சரி. அதற்குப் பிறகு அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன்.

பெத்தாபுரம் சாலையில் வரிசையாக ஐந்து அரிசி குடோன்கள் இருக்கின்றன. மூன்றாம் நம்பர் நூக்காரத்னத்துடையது. சொந்தமில்லை, பொறுப்பு மட்டும். அவளுடைய அப்பா அங்கே லோடுமேன். பதினான்கு வயதில் தரையில் சிந்திய அரிசியைக் கூட்டி அள்ள வந்தவள், பிறகு மூட்டை வாய் தைத்தாள், அப்புறம் இறங்கும் மூட்டைகளை எண்ணினாள். அவளுக்கு இருபத்து நாலு வயதானபோது, சாவி வைத்திருந்த கணக்கர் மகள் கல்யாணத்துக்கு லீவு போட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. விசாகப்பட்டினத்தில் இருக்கும் முதலாளி போனில், "அங்க யாரு இருக்கா? அந்தப் பொண்ணா? சரி, வேற ஆள் அனுப்புற வரைக்கும் சாவியை அவகிட்டயே குடு" என்றார். வேறு ஆளைத் தேடி அவர் இருபத்தாறு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டுப் பெயர் கர்ரி, படிப்பு ஐந்தாவது. புருஷன் அப்புலு கல்யாணச் சமையல்காரர். முகூர்த்த மாதங்களில் வீட்டில் இருக்கமாட்டார், மற்ற மாதங்களில் இருந்தும் உபயோகமில்லை என்பது அவள் தீர்மானம். ஒரே மகளைத் துனி என்ற ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறாள்.

வேலையில் அவளை அசைக்க முடியாது. லாரி வந்து நின்றதும் குத்தூசியை எடுத்து மூட்டையில் ஒரு குத்து. உள்ளங்கையில் விழுந்த அரிசியைப் பார்ப்பாள். நாலு மணியை வாயில் போட்டுக் கடிப்பாள். "பதினாலரை" என்பாள். ஈரப்பதம் பார்க்கும் கருவியை வைத்துப் பார்த்தால் பதினாலரை என்றுதான் காட்டும். ஒருமுறை கருவி பதினாறு என்றது. "கருவியைக் காய வை" என்றாள். கழற்றிப் பார்த்தால் உள்ளே நிஜமாகவே தண்ணீர் புகுந்திருந்தது.

இவ்வளவு இருந்தும் அவள் பேச்சு சபை ஏறாது. இந்த அரிசி வியாபாரத்தில் நாலு பேர். அரைத்துக் கொடுக்கும் ஆலை, அடுக்கி வைக்கும் குடோன், ஏற்றிச் செல்லும் எங்கள் லாரி சங்கம், காக்கிநாடா துறைமுகத்தில் கப்பலேற்றும் ஏற்றுமதி கம்பெனி. நாலு பேருக்கும் நாலு ரெஜிஸ்டர். ஒரே லாரியில் வந்த ஒரே சரக்குக்கு ஆலை 320 மூட்டை என்று எழுதும். நான் ஆலை சொன்னதைப் பார்த்து 320 என்று எழுதுவேன். நூக்காரத்னம் எண்ணினால் 318 இருக்கும். துறைமுகத்தில் 317. அந்த மூன்று மூட்டை எங்கே என்று பஞ்சாயத்து வரும். ஆலையிடம் கம்ப்யூட்டர் சீட்டு இருந்தது, கம்பெனியிடம் லெட்டர்பேடு இருந்தது, என்னிடம் ரப்பர் ஸ்டாம்பு இருந்தது. அவளிடம் வாய் மட்டும்தான் இருந்தது. கடைசியில் "குடோன் தரப்புத் தவறு" என்று எழுதிக் கோப்பை மூடுவார்கள். நானும் எத்தனையோ தடவை ஸ்டாம்பு குத்தியிருக்கிறேன். சொல்லிக்கொள்ளப் பெருமையான விஷயமில்லை.

போன வருஷம் ஏற்றுமதி கம்பெனி மேனேஜர் குருநாதம் எங்கள் எல்லாரையும் காக்கிநாடாவுக்குக் கூப்பிட்டார். கோங்கூரா என்னும் புளிச்சக்கீரை, பனசப்பொட்டு என்னும் பலாக்காய்ப் பொரியல், பிழிந்தால் பாகு வடியும் காஜா என்று இலை நிறையப் போட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார். தின்ற மயக்கத்தில் யாரும் மறுக்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். ஹைதராபாத்திலிருந்து மன்விதா என்ற பெண் வந்திருந்தாள். பிளாக்செயின் என்றாள். நாலு நிறுவனத்துக்கும் இனிமேல் ஒரே ஏடு. அது நாலு பேர் கையிலும் அச்சு அசலாக இருக்கும். ஒருவர் எழுதினால் நாலு ஏட்டிலும் விழும். எழுதியதை யாரும் அழிக்க முடியாது. திருத்தம் வேண்டுமென்றால் கீழே புதிதாக எழுத வேண்டும், அதற்கு நாலு பேரும் சம்மதிக்க வேண்டும்.

"இன்னொண்ணும் இருக்குங்க" என்றாள் மன்விதா. "இந்தந்த நிலைமைக்கு இன்னின்ன வேலைன்னு முன்னாடியே ஒப்பந்தம் எழுதி உள்ள வெச்சிருக்கோம். குடோன் நிறைஞ்சிருக்குன்னு பதிவானா, லாரிக்குத் தானா சொல்லிடும். குடோன்ல சரக்கு இல்லைன்னு பதிவானா, ஆலைக்கு கேட் பாஸ் தானா போயிடும். யாரும் யாருக்கும் போன் பண்ண வேண்டாம்."

ஆலைக்காரர் சூரிபாபு காஜாவை மென்றபடியே, "போனே பண்ணலைன்னா நாங்க எப்பம்மா சண்டை போட்டுக்கறது?" என்று கேட்டார்.

நூக்காரத்னம் மட்டும் சிரிக்கவில்லை. "நான் 318ன்னு சொன்னா, அது அப்படியே நாலு ஏட்டுலயும் கிடக்குமா?" என்று கேட்டாள்.

"கிடக்கும் ஆன்ட்டி."

"இந்தத் தம்பி நாளைக்கு ஸ்டாம்பு குத்தி அதை 320 ஆக்க முடியாது?"

'இந்தத் தம்பி' நான்தான். கடித்த காஜாவை இலையிலேயே வைத்துவிட்டேன்.

"யாராலயும் முடியாது."

"அப்ப நான் சேர்றேன்" என்றாள். நாலு பேரில் முதலில் கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.

அவளுக்குத் தட்டச்சு வராது என்பதால், பேசினாலே பதிவாகும்படி மன்விதா அவள் போனில் செய்துகொடுத்தாள். அவள் குரல்தான் அவள் சாவி. வேறு யார் பேசினாலும் ஏறாது. இந்தச் சங்கிலிக்கு எங்கள் வட்டாரத்தில் கொலுசு என்று பெயர் வந்துவிட்டது. தெலுங்கில் கொலுசு என்றால் சங்கிலி. எங்கள் ஊரில் கொலுசைக் காலில் போடுவார்கள், இங்கே நாலு கம்பெனிக்குக் கழுத்தில் போட்டுவிட்டார்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. இந்த ஊரில் கிண்டல் அவர்களுடைய குடும்பச் சொத்து, அரவத்துக்குப் பங்கு கிடையாது.

மூன்று மாதம் நன்றாகப் போயிற்று. ஆலையில் 320 என்று ஏறிய லோடு குடோனில் 318 என்று இறங்கினால், இரண்டும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து நின்றன. கொஞ்ச நாளில் ஆலையிலேயே 318 என்று எழுத ஆரம்பித்தார்கள். சூரிபாபு வழியில் என்னைப் பிடித்து, "அக்கா நம்ம எல்லாரையும் யோக்கியனாக்கிட்டுத்தான் விடுவா போலிருக்கே" என்றார். நூக்காரத்னம் நடையே மாறிவிட்டது. போனைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, தாசில்தார் மாதிரி குடோனுக்குள் சுற்றி வந்தாள்.

அப்புறம் அந்த வியாழக்கிழமை வந்தது.

சனிக்கிழமை ஆப்பிரிக்காவுக்குப் போகும் கப்பலில் ஏற்ற ஆரம்பிக்க வேண்டும். பழைய சரக்கு முழுவதும் காலையில் குடோனை விட்டுப் போய்விட்டது. கடைசி நாலு லாரியை ஏற்றி அனுப்பியவன் நானேதான். இனி ஆலையிலிருந்து புதுச் சரக்கு வர வேண்டும். நூக்காரத்னம் தரையைச் சுத்தமாகக் கூட்டினாள். கைகால் கழுவினாள். மூலையில் இருக்கும் லட்சுமி படத்துக்கு ஒரு கும்பிடு போட்டாள். போனை எடுத்து, "மூணாம் நம்பர் குடோன் நிறைஞ்சு போச்சுங்க" என்றாள்.

வேறு எப்படிச் சொல்வாள்? இந்தப் பக்கத்தில் அரிசி, குங்குமம், மஞ்சள் எதுவும் தீராது. தீர்ந்தால் நிறைந்துபோகும். அரிசிப் பானையின் அடி தெரியும்போது எந்தப் பெண்ணும் இல்லை என்று சொல்லமாட்டாள். நிறைஞ்சு போச்சு என்பாள். கேட்கிற புருஷன் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புவான். பச்சைக் குழந்தைக்கும் இது தெரியும்.

கொலுசுக்குத் தெரியாது. "நன்றி. குடோன் நிறைந்துள்ளது எனப் பதிவு செய்யப்பட்டது" என்று அது அச்சுத் தெலுங்கில் சொன்னது. தன் பேச்சையே திரும்பச் சொல்கிறது என்று நினைத்து நூக்காரத்னம் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த நொடியே கொலுசு ஒப்பந்தப்படி காரியத்தில் இறங்கியது. ஆலைக்குக் கேட் பாஸ் நின்றது. கப்பல்காரர்களுக்குச் சரக்குத் தயார் என்று செய்தி போயிற்று. என் போனில், 'மூன்றாம் குடோன் நிறைந்துள்ளது, முப்பத்தெட்டு லாரி தேவை, சம்மதமா?' என்று வந்தது. காலையில் அதே குடோனைத் துடைத்து வழித்து ஏற்றி அனுப்பியவன் நான். மத்தியானத்துக்குள் பன்னிரண்டாயிரம் மூட்டை எந்த வழியாக வந்து குதித்தது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். போன் சொல்கிறதே என்று மூளையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, சம்மதம் என்று அழுத்தினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு முப்பத்தெட்டு லாரிகள் பெத்தாபுரம் சாலையில் ஒரு மைல் நீளத்துக்கு நின்றன. டிரைவர்கள் ஸ்டவ்வைப் பற்றவைத்து உப்புமா கிளற ஆரம்பித்துவிட்டார்கள். நூக்காரத்னம் ஆலை லாரியை எதிர்பார்த்து ஷட்டரைத் தூக்கினாள். உள்ளே இரண்டு சிட்டுக்குருவிகளும் ஒரு விளக்குமாறும் இருந்தன.

முன்னால் நின்ற டிரைவர் எட்டிப் பார்த்து, 'காரு' என்று தெலுங்கு மரியாதை போட்டே கேட்டான். "ரத்னம்மா காரு, எதை ஏத்தணும்? குருவியை முதல்ல ஏத்தவா, விளக்குமாறா?"

"உன் வாயை ஏத்து. முப்பத்தெட்டு லாரியும் ரொம்பிடும்" என்று அவள் சொன்னாள். ஆனால் சுருதி இறங்கித்தான் இருந்தது. என்னைப் பார்த்தாள். "அரவம், இவ்வளவு லாரியை யாரு வரச் சொன்னது?"

"நீங்கதானேக்கா நிறைஞ்சிருக்குன்னு..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டேன். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று அப்போதுதான் உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டேன்.

பதினோரு மணிக்குள் எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். குருநாதம் காரிலிருந்து இறங்கும்போதே முகம் சிவந்திருந்தது. சூரிபாபு அவர் பின்னால். ஹைதராபாத்திலிருந்து காலை விமானத்தில் ராஜமுந்திரிக்கு வந்து, அங்கிருந்து டாக்சி பிடித்து மன்விதாவும் வந்தாள். எல்லாரும் வெறும் குடோனுக்குள் நின்றோம். பேசினால் எதிரொலித்தது.

குருநாதம் மன்விதாவின் கணினியைக் காட்டினார். "குடோன் நிறைந்துள்ளது. குரல், கர்ரி நூக்காரத்னம். இது உங்க குரல்தானே?"

"என் குரல்தான். நான் சொன்னது நிறைஞ்சு போச்சுன்னு."

"அதைத்தானே அதுவும் எழுதியிருக்கு!"

"நிறைஞ்சிருக்கு வேற, நிறைஞ்சு போச்சு வேற, குருநாதம் காரு. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். குருநாதம் அசல் கோதாவரிக்காரர். ஆனால் அன்று அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு கப்பல் நின்றது. "எனக்குத் தெரிஞ்சு என்ன பண்ணறது? ஏட்டுல இருக்கிறதுதான் செல்லும். திருத்தப் பதிவு போடணும். உங்க குரல்ல போட்டாத்தான் ஆலைக்குக் கேட் பாஸ் திறக்கும். நேத்து நான் சொன்னது தப்பு, குடோன் காலின்னு ஒரு வார்த்தை..."

"வெளிய போங்க!" என்றாள் நூக்காரத்னம்.

குருநாதம் விழித்தார்.

"அந்த வார்த்தையைச் சொல்லணும்னா ஷட்டருக்கு வெளிய போய்ச் சொல்லுங்க. இது அரிசி வாழற இடம்."

ஏற்றுமதி கம்பெனியின் மேனேஜர், எட்டு ஜில்லா அரிசியை ஆட்டிப்படைக்கிறவர், ஷட்டரைத் தாண்டிப் படியிறங்கி வெயிலில் நின்று, "குடோன் காலி! சொல்லிட்டேன், வரலாமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே வந்தார். டிரைவர்கள் உப்புமாவை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

"நீங்களும் வெளிய போய்ச் சொல்லிட்டு வாங்களேன் அக்கா" என்று சூரிபாபு கெஞ்சினார். "போன் எங்க இருந்து பேசினாலும் எடுக்கும்."

"எடுக்கும் தம்பி. ஆனா எழுதினது எங்க கிடக்கும்? இந்த வீட்டோட பேர்ல, அழியாத ஏட்டுல கிடக்கும். சொன்னாலாவது காத்தோட போயிடும். இது போகாதுன்னு இந்தப் பொண்ணுதானே சொல்லிச்சு?"

மன்விதா வேறு சொற்களை முயற்சி செய்து பார்த்தாள். தரை தெரிகிறது என்று சொல்லவைத்தாள். கொலுசு, 'தரை பழுதா?' என்று கேட்டது. அரிசி ஊருக்குப் போயிருக்கிறது என்று சொல்லவைத்தாள். 'எந்த ஊருக்கு?' என்று கேட்டது. வெளியே நின்ற ஒரு டிரைவர், "ஆப்பிரிக்கான்னு சொல்லுங்க, அங்கயே பில் போட்டுடும்" என்று யோசனை சொன்னான்.

பன்னிரண்டு மணியாயிற்று. குருநாதம் குரலைத் தணித்துக்கொண்டார். கத்தும்போது அவரைப் பார்த்தால் எனக்குப் பயமில்லை, தணியும்போதுதான் பயம். "ரத்னம்மா, சட்டதிட்டம் உங்களுக்கும் தெரியும். பொய்ப் பதிவு போட்டுட்டு ஒரு நாளுக்குள்ள திருத்தலைன்னா அவங்க சாவி போயிடும். இன்னிக்கு ரெண்டு மணியோட ஒரு நாள் முடியுது. அப்புறம் உங்க குரல் இந்த ஏட்டுல ஏறாது. நான் கம்பெனி ஆளை இங்க உக்கார வைக்க வேண்டி வரும்."

குருவிகூடப் பறந்து போய் உத்தரத்தில் ஒளிந்துகொண்டது.

"சாவியை எடுத்துக்கோங்க" என்றாள் நூக்காரத்னம். கழுத்திலிருந்து போன் கயிற்றைக் கழற்றினாள். "ஆனா நான் பொய் சொன்னேன்னு மட்டும் எழுதாதீங்க. இருபத்தாறு வருஷமா நீங்க எல்லாரும் எழுதினீங்க. இதுல அப்படி எழுத முடியாதுன்னுதான் நான் முதல்ல கையெழுத்துப் போட்டேன்."

அந்த இருபத்தாறு வருஷத்தில் இருபத்திரண்டு வருஷம் ஸ்டாம்பு குத்தியது யார் கை?

"சார், உங்க வீட்டுக்கு ஒரு போன் போடுங்க" என்றேன்.

"எதுக்குய்யா?"

"வீட்டுல அரிசி இருக்கான்னு கேளுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

இந்த அரவத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்பது போலப் பார்த்தார். ஆனாலும், எல்லாரும் பார்க்கிறார்களே என்று போட்டார். அவர் மனைவி சீதாமகாலட்சுமி எடுத்தாள்.

"என்னங்க, இந்நேரத்துல? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணுமில்ல சீதா. வீட்டுல அரிசி இருக்கா?"

"கல்யாணமாகி முப்பது வருஷத்துல இன்னிக்குத்தான் கேக்கத் தோணிச்சா? நிறைஞ்சு போச்சுங்க. நேத்தே சொன்னேன், காதுல வாங்கினாத்தானே! ஆப்பிரிக்காவுக்கெல்லாம் கப்பல் கப்பலா அனுப்பறீங்க, எனக்கு ஒரு மூட்டை அனுப்ப வழியைக் காணோம்."

முப்பத்தெட்டு டிரைவர்களும் ஒரே நேரத்தில் சிரித்தால் தகரக் கூரை என்ன சத்தம் போடும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. மன்விதா சிரிக்கவில்லை. வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்க வீட்டுல ஆப்லதான் அரிசி வாங்குவோம். தீர்ந்தா 'ஸ்டாக் முடிந்தது'ன்னு வரும்" என்றாள், யாரும் கேட்காமலே. "எனக்கு நிஜமாவே தெரியலை ஆன்ட்டி. இந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை."

டிரைவர் ஒருவன் கொண்டுவந்து போட்ட சாக்குக்கட்டின்மேல் அவள் உட்கார்ந்து கணினியைத் திறந்தாள். இருபது நிமிஷத்தில் கொலுசுக்கு அந்தச் சொல்லின் வாலில் இருக்கும் வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். இனி 'நிறைஞ்சிருக்கு' என்றால் லாரி வரும். 'நிறைஞ்சு போச்சு' என்றால் ஆலை திறக்கும். நேற்றைய பதிவையும் அந்த அர்த்தத்திலேயே எடுத்துக்கொள்ளச் செய்யலாம், நாலு பேர் சம்மதித்தால் போதும் என்றாள். எல்லாருக்கும் மூச்சு வந்தது.

"ஒரு கட்டம் மட்டும் பாக்கி இருக்கு" என்று இழுத்தாள். "திருத்தம் போட்டா, தவறு யாருடையதுன்னு காட்டணும். நாலு பேர்ல ஒருத்தர் பேர் கட்டாயம். அதை விட்டுட்டுப் போகவே முடியாது. அப்படித்தான் எல்லாருமா கேட்டீங்க."

கேட்டது உண்மைதான். அடுத்தவன் தப்பை அழியாமல் எழுதிவைக்க வேண்டும் என்று நாலு பேரும் கோங்கூராவைப் பிசைந்துகொண்டே கேட்டிருந்தோம்.

சூரிபாபு கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ஒண்ணாச்சு. வழக்கம்போல குடோன்னு போட்டு முடிங்கம்மா. அக்கா தப்பா எடுத்துக்க மாட்டாங்க."

நூக்காரத்னம் முகத்தைத் திருப்பி லட்சுமி படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாருங்க அது, தப்பா எடுத்துக்க மாட்டாங்கன்னு சொல்றது?" என்று ஒரு குரல் வந்தது. எல்லாரும் திடுக்கிட்டோம். குருநாதம் போனை வைக்கவே மறந்திருந்தார். சீதாமகாலட்சுமி அத்தனை நேரமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"சீதா, நீ இன்னும் லைன்லயா இருக்க? வை, வை!"

"வைக்கறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கோங்க. அந்தம்மா சொன்ன அதே வார்த்தையைத்தான் நான் நேத்து உங்ககிட்ட சொன்னேன். அது தப்புன்னா நானும் தப்புதான். அந்தம்மா பேர்ல எழுதிட்டு வந்தீங்கன்னா ராத்திரிக்கு நிறைஞ்சு போன பானையிலேர்ந்து நீங்களே வடிச்சுச் சாப்பிடுங்க." லைன் துண்டானது.

குருநாதம் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய் ஷட்டருக்கு வெளியே நின்றார். வரிசையாக நின்ற லாரிகளை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தார். அவர் கோபக்காரர்தான், கெட்டவர் இல்லை. உள்ளே வந்து, "எங்க கம்பெனி பேர்ல எழுதும்மா" என்றார்.

"சார், மேலிடத்துல கேப்பாங்களே?"

"கேக்கட்டும். இதைக் கொண்டுவந்தது நாங்க. இந்த ஊர்ப் பொம்பளைங்க எப்படிப் பேசுவாங்கன்னு உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். சொல்லலை."

மன்விதா எழுதினாள். குருநாதம் சம்மதம் சொன்னார். சூரிபாபு கொஞ்சம் அசடு வழிந்துகொண்டு சம்மதம் சொன்னார். என் போனில் கேள்வி வந்ததும், இந்தத் தடவை நான் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். படித்துவிட்டு அழுத்தினேன். ரப்பர் ஸ்டாம்பைப் பிடித்துப் பழகிய விரல் அது. இவ்வளவு சந்தோஷமாக அது எதையும் அழுத்தியதில்லை.

நூக்காரத்னத்தின் சம்மதம்தான் பாக்கி. அவள் போனை வாங்காமல், "என்ன எழுதியிருக்குன்னு படி" என்றாள்.

மன்விதா படித்தாள். "மூன்றாம் எண் குடோனைப் பற்றி வியாழக்கிழமை கர்ரி நூக்காரத்னம் சொன்னது சரி. கேட்டவர்கள் புரிந்துகொண்டது தவறு. தவறு, ஏற்றுமதி நிறுவனத்துடையது."

"இதை யாராவது அழிக்க முடியுமா?"

"முடியாது ஆன்ட்டி."

"நாளைக்கு வேற மேனேஜர் வந்தா?"

"அவராலயும் முடியாது."

"நான் செத்துப் போனப்புறம்?"

"அப்பவும் இருக்கும். நாலு இடத்துலயும் இருக்கும்."

கண் தளும்பியது அவளுக்கு. இத்தனை வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. எங்களை அழவைத்துத்தான் பார்த்திருக்கிறேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சம்மதம் என்றாள். அந்த நொடியே சூரிபாபுவின் போன் கிணுகிணுத்தது. ஆலை திறந்துவிட்டது. வந்து நின்ற முப்பத்தெட்டு லாரியையும் அப்படியே ஆலைக்குத் திருப்பிவிட்டேன். ஏற்றிக்கொண்டு வந்து அவளிடம் எண்ணிக்கொடுத்துவிட்டுத் துறைமுகத்துக்குப் போகலாம். வழித்த உப்புமாச் சட்டியோடு டிரைவர்கள் ஏறி உட்கார்ந்தார்கள். எல்லா இன்ஜினும் ஒன்றாகக் கிளம்பியதில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை.

குருநாதமும் சூரிபாபுவும் கார்ப் பக்கம் நடந்தார்கள். கடைசி லாரிக்கும் வழிவிட்டுச் சத்தம் அடங்கியதும் நான் திரும்பினேன். குடோனுக்குள் நூக்காரத்னம் மன்விதாவின் பக்கத்தில் சாக்குக்கட்டின்மேல் நெருங்கி உட்கார்ந்து, அவள் பக்கம் குனிந்து கேட்டது என் காதிலும் விழுந்தது.

"அந்த முதல் வரியை மட்டும் இன்னொரு தடவை படி கண்ணு. சத்தமாப் படி. இந்த அரவத்துக்கும் கேக்கட்டும்."